குழாய்த் தண்ணீர் புறப்படும் இடம்: எலன் பள்ளத்தாக்கில் சரளைப்பாதை சைக்கிள் பயணம்

வெள்ளி இரவு

ரையடர் வந்து சேர்ந்தாயிற்று. வேல்ஸின் நடுவில், வை ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். நான்கு தெருக்கள் கூடும் இடத்தில் ஒரு மணிக்கூண்டு, அதைச் சுற்றிக் கொஞ்சம் கடைகள், ஐந்து நிமிடம் நடந்தால் ஊர் முடிந்துவிடும். தம்பியும் நானும் மதியம் பர்மிங்ஹாமில் ரயில் ஏறினோம். ஷ்ரூஸ்பரியில் மாறி, லாண்ட்ரிண்டாட் வெல்ஸில் இறங்கினோம். ரையடருக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது. 1962 டிசம்பர் கடைசியோடு அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். அதனால் மீதி இருபது கிலோமீட்டர் தூரத்தைச் சின்னச் சாலைகளில் மிதித்தே வந்தோம். மே மாதம் என்பதால் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

எதற்காக இந்த ஊர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது பர்மிங்ஹாம், தம்பி லண்டன். அவன் வீட்டுக் கெட்டிலுக்குள் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். வினிகர் ஊற்றிக் கழுவாவிட்டால் டீயின் மேல் ஏடு மிதக்கும். என் கெட்டிலில் பொட்டுப் படிவு கிடையாது. போன முறை வீட்டுக்கு வந்தபோது அதைத் திறந்து பார்த்துவிட்டு, "எதைப் போட்டுக்கா கழுவுற?" என்று கேட்டான். எதையும் போடுவதில்லை. லண்டன் தண்ணீரில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையைத் தொட்டு வருகிறது. என் குழாயில் வருவது இந்த வேல்ஸ் மலைகளில் பெய்த மழை. இங்கே பாறையில் சுண்ணாம்பு மிகக் குறைவு, தண்ணீர் கரைத்துக்கொண்டு வர ஒன்றும் இல்லை. இதைச் சொன்னதும், "அப்ப அந்த மலைக்கே ஒருநாள் போய் மிதிச்சுட்டு வரலாமேக்கா" என்றான். இதோ வந்துவிட்டோம்.

19ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் தாறுமாறாகப் பெருத்தது. கிணறுகள் கெட்டன. டைஃபாய்டும் காலராவும் வயிற்றுப்போக்கும் ஏழைத் தெருக்களில் ஆட்களைக் கொண்டுபோயின. மாநகராட்சி 1892இல் பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் வாங்கி, மறு வருடமே எலன் பள்ளத்தாக்கில் அணை வேலையைத் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் மான்செர்க். 1904 ஜூலையில் ஏழாம் எட்வர்ட் மன்னர் வந்து திறந்து வைத்தார். இங்கிருந்து பர்மிங்ஹாம் 118 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் தண்ணீர் ஒரு பம்ப்பின் உதவியும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பிப் போகிறது. மொத்த இறக்கம் 52 மீட்டர்தான். 2300 மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும், அப்படி ஒரு வாட்டம். இங்கே கிளம்பும் தண்ணீர் அங்கே போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும்.

எங்கள் வண்டிகள் இரண்டும் கிராவல் சைக்கிள்கள். பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார் இருக்கும், ஆனால் டயர் அகலம்; எங்களுடையது 42 மில்லிமீட்டர். ஏற்றத்துக்கு நல்ல இளகிய கியர் உண்டு. தார்ச்சாலையிலும் சுணங்காது, சரளையிலும் தடுமாறாது. எனக்கு இந்த வண்டி பிடிக்க முக்கியமான காரணம், இது கார் வராத பாதைகளுக்குக் கூட்டிப் போகிறது என்பதுதான். சாலையில் மிதிக்கும்போது மனதில் பாதி எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வருவது லாரியா, காரா, எவ்வளவு ஒதுங்கிப் போவான் என்று காது கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பாதி மனதை மீட்டுக் கொடுக்கும் பாதைகளுக்காக நான் எவ்வளவு தூரமும் போவேன்.

நாளை நான்கு அணைகள்.

சனி இரவு

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் எலன் பள்ளத்தாக்குப் பாதை தொடங்குகிறது. அங்கிருந்து கிரெய்க் கோக் என்ற மேல் அணை வரை சுமார் 14 கிலோமீட்டர். இது ஒரு பழைய ரயில் பாதை. அணை கட்டக் கல்லும் சிமெண்டும் கொண்டுபோக மாநகராட்சியே போட்ட ரயில். வேலை முடிந்ததும் தண்டவாளங்களைப் பிடுங்கிவிட்டார்கள், மண் மேடு அப்படியே நின்றுவிட்டது. பாரம் சுமந்த எஞ்சின் ஏற வேண்டும் என்பதற்காக வெட்டிய தடம், அதனால் எங்கேயும் மூச்சு முட்டும் ஏற்றம் இல்லை. அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எஞ்சினுக்குக் காட்டிய கருணை இப்போது முழங்காலுக்குக் கிடைக்கிறது.

தொடக்கத்திலேயே ஒரு சுரங்கம் இருக்கிறது, ஆனால் உள்ளே விடமாட்டார்கள். வௌவால்கள் குடியிருப்பதால் அதை அவற்றுக்கே விட்டுவிட்டார்கள். பாதை அதன் தலைமேல் ஏறி இறங்குகிறது. இன்றைய நாளில் ரயில் தடத்தை விட்டு விலகி நிஜமாக மிதித்து ஏறியது அந்த ஒரு இடத்தில்தான்.

வழியில் ஒரு குடும்பம். அப்பாவும் அம்மாவும் மெதுவாக நடக்க, நான்கு வயது இருக்கும் குழந்தை ஒன்று பெடல் இல்லாத குட்டி சைக்கிளைக் காலால் உந்திக்கொண்டு முன்னால் போனது. பாதையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வளைந்து வளைந்து போனது, யாரும் "ஓரமா வா" என்று கத்தவில்லை. கத்த வேண்டிய அவசியமே இல்லாத பாதை. ஒரு ஊரில் பிள்ளைகள் சைக்கிள் பழக இப்படி ஒரு பதினான்கு கிலோமீட்டர் இருந்துவிட்டால் வேறென்ன வேண்டும் என்று தோன்றியது.

முதல் அணை கபன் கோக். கீழே பார்வையாளர் மையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். 37 மீட்டர் உயரம். உள்ளே கான்கிரீட், அதில் பெரிய பெரிய பாறைகளையே புதைத்திருக்கிறார்கள். வெளியே தெரிவது கொத்திய கல். வாரம் முழுக்க மழை பெய்திருந்ததால் அணை முகட்டில் மெல்லிய தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காயப்போட்ட வேட்டி காற்றில் அசைவதுபோல அந்தத் தண்ணீர் அலைந்து அலைந்து இறங்கியது.

எனக்கு முல்லைப் பெரியாறு நினைவு வந்தது. பென்னிகுவிக் 1895இல் அந்த அணையை முடித்தார். இங்கே வேலை தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டுமே கல்லின் எடையை நம்பித் தண்ணீரை நிறுத்தும் அணைகள். இரண்டுமே ஓர் ஆற்றைத் தடுத்து, அதன் தண்ணீரைச் சுரங்கம் குடைந்து கிழக்கே அனுப்பியவை. அங்கே பெரியாற்றுத் தண்ணீர் வைகைப் பாசனத்துக்குப் போனது, இங்கே எலன் தண்ணீர் ஒரு நகரத்தின் குழாய்க்குப் போனது. ஒரே காலத்தின் ஒரே யோசனை இரண்டு நாட்டில் நடந்திருக்கிறது. தேனியிலும் மதுரையிலும் பென்னிகுவிக் பெயரைக் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். மான்செர்க் பெயர் பர்மிங்ஹாமில் என் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

அணையைத் தாண்டிப் பாதை நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டியே போகிறது. வலப்பக்கம் மேலே சாலை ஒன்று கூடவே வருகிறது, ஆனால் அதில் போகும் வண்டி நமக்குச் சம்பந்தம் இல்லாதது. இடப்பக்கம் தண்ணீர். கொஞ்ச தூரத்தில் நீர்த்தேக்கத்தின் குறுக்கே ஒரு கல்பாலம் தெரிகிறது. வளைவு வளைவாகத் தூண்கள், மேலே சாலை. பார்ப்பதற்குப் பாலம்தான், ஆனால் அந்தத் தூண்கள் நிற்பது ஓர் அணையின் மேல். கரெக் தீ என்ற அந்த அணை பெரும்பாலும் தண்ணீருக்குள் மூழ்கியே கிடக்கிறது.

இது ஏன் என்று தம்பிக்கு விளக்கினேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பர்மிங்ஹாமுக்குத் தண்ணீர் எடுக்கும் வாய் கபன் கோக்கில் இல்லை. அதற்கு மேலே, இந்தப் பாலத்துக்கு அருகில் இருக்கும் வோயல் கோபுரத்தில் இருக்கிறது. சரிவிலேயே போய்ச் சேர வேண்டும் என்றால் எடுக்கும் இடம் அந்த உயரத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் கீழே வை ஆறு வற்றாமல் இருக்கக் கபன் கோக்கிலிருந்தும் தண்ணீர் விட்டாக வேண்டும். அது சட்டத்திலேயே இருக்கிறது. கோடையில் அப்படி விட விடக் கபன் கோக் இறங்கும். அப்போது மூழ்கியிருக்கும் இந்தச் சுவர் மேல்பக்கத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, கோபுரத்தின் வாய் காயாமல் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இப்படி ஒரு சுவர் இருப்பதே தெரியாது.

வோயல் கோபுரம் வட்டமான சின்னக் கல் கட்டடம், தாமிரம் பச்சை பூத்த குவிமாடம். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை வருடமாக நான் குடித்தது, சமைத்தது, துணி துவைத்தது எல்லாம் இதற்குள்ளே போன தண்ணீர். தம்பி பையிலிருந்து புளிசாதத்தை எடுத்துவிட்டான், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அடுத்தது பெனகரெக் அணை. அதன் நீர்த்தேக்கத்தின் நடுவில் மரம் மண்டிய ஒரு தீவு உண்டு. அதைத் தாண்டி, ரயிலுக்காக மலையைப் பிளந்து வெட்டிய ஒரு பாறை இடுக்கு வருகிறது. இரண்டு பக்கமும் ஈரப்பாறை, அதில் பாசியும் பெரணியும். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த நொடியில் குளிர் முகத்தில் அடித்தது, சரளையின் நறநறச் சத்தம் இரு சுவரிலும் பட்டு இரட்டிப்பாகக் கேட்டது. அதைத் தாண்டினால் கிரெய்க் கோக். நான்கில் இதுதான் அழகு என்பேன். வில்லாக வளைந்த அணை, மேலே வரிசையாகக் கல் வளைவுகள், ஒரு முனையில் குவிமாடம் வைத்த கோபுரம். கண்ணுக்குத் தெரியாத மலை இடுக்கில் கட்டும் சுவருக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று கணக்குப் பார்க்காமல் கட்டியிருக்கிறார்கள்.

திரும்பும்போது பெனகரெக் அணைக்குக் கீழே ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக் காட்டுப்பாதைக்கு மாறினோம். ஓக் மரக்காடு, தரையெல்லாம் நீலமணிப் பூக்கள். இந்தப் பக்கம் சரளை பெரிது, ஈரமும் கூட. அங்கேதான் என் பின் டயரில் 'உஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தால், பலகைப்பாறைச் சில்லு ஒன்று, கட்டைவிரல் நகம் அளவு, டயரின் நடுவில் செங்குத்தாகக் குத்தியிருக்கிறது. எங்கள் டயர்களுக்குள் ட்யூப் கிடையாது. பால் மாதிரி ஒரு சீலன்ட் திரவம் ஊற்றியிருக்கும். சில்லைப் பிடுங்கியதும் ஓட்டையிலிருந்து வெள்ளைத் துளிகள் பீய்ச்சி என் மணிக்கட்டில் தெறித்தன. ஓட்டை அடிப்பக்கம் வருமாறு சக்கரத்தைத் திருப்பி வைத்தேன். திரவம் அங்கே தேங்கியது. குமிழி விட்டது, மறுபடி குமிழி, அப்புறம் குமிழி சின்னதாகி, ஓட்டையின் விளிம்பில் வெள்ளையாகத் தோல் கட்டி நின்றுவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பம்ப்பால் கொஞ்சம் காற்று அடித்துக் கிளம்பிவிட்டோம். காட்டுப்பாதையில் மிதிக்கும் யாராக இருந்தாலும் ட்யூப்லெஸ்ஸுக்கு மாறிவிடுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

அந்தக் காட்டுப்பாதை போய்ச் சேரும் இடம் ஒரு தேவாலயம். சின்னது, கூட்டமில்லை. பழைய கோயில் தண்ணீருக்குள் போய்விட்டதால் மாநகராட்சி கட்டிக்கொடுத்தது. இந்த நீர்த்தேக்கங்களுக்கு அடியில் மூன்று பெரிய வீடுகள், பதினெட்டுப் பண்ணைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில் எல்லாம் இருந்தன. அதில் நன்ட்குயில்ட் என்ற வீட்டில் 1812இல் கவிஞர் ஷெல்லி தன் இளம் மனைவி ஹாரியட்டோடு கொஞ்ச காலம் வாழ்ந்தார். நூறு பேர் அளவுக்கு வெளியேற்றப்பட்டார்கள். நிலம் சொந்தமாக வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது, குத்தகைக்கு உழுதவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் குறையும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே வருமே, அந்தக் கணக்கு உலகம் முழுக்க ஒன்றுதான். யாருடைய வீடு மூழ்கி என் குழாயில் தண்ணீர் வருகிறது என்பது தெரிந்த பிறகு அந்தத் தண்ணீரை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

இரவு பத்தரைக்கு மேல் அறைக்கு வெளியே வந்து பார்த்தோம். எலன் நிலப்பகுதியை 2015இல் சர்வதேச இருண்ட வானப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். இன்று மேகம். மூன்று நட்சத்திரம்தான் தெரிந்தது. காலையில் சீக்கிரம் எழ வேண்டும்.

ஞாயிறு இரவு

இன்று கிளைர்வென். இந்தப் பயணத்தில் எதையாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காலையில் நேற்றைய பாதையிலேயே கரெக் தீ பாலம் வரை வந்து, பாலத்தைக் கடந்து இடப்பக்கம் பிரியும் சாலையில் போனோம். முட்டுச்சந்துச் சாலை, அணையோடு முடிந்துவிடும். போகும் வழியில் டோல் அ மினாக் என்ற இடத்தில் பாதியில் விட்ட ஓர் அணையின் அடிப்பகுதி தெரிகிறது. இரண்டாம் கட்டத்துக்காகக் கட்டத் தொடங்கியது. கபன் கோக் நிரம்பிவிட்டால் இந்த இடத்து அடித்தளம் தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் முதல் கட்டத்திலேயே அடியை மட்டும் போட்டு வைத்தார்கள். பிறகு காலம் மாறி, தொழில்நுட்பமும் மாறி, மேலே ஒரே பெரிய அணையாகக் கட்டிக்கொண்டார்கள். இது அப்படியே நிற்கிறது.

அந்தப் பெரிய அணைதான் கிளைர்வென். 56 மீட்டர் உயரம், 355 மீட்டர் நீளம். 1952 அக்டோபரில் இரண்டாம் எலிசபெத் ராணி திறந்தார். பட்டத்துக்கு வந்த வருடமே. முழுக்கக் கான்கிரீட் அணை, ஆனாலும் கீழே உள்ள பழைய அணைகளோடு ஒட்ட வேண்டும் என்பதற்காக முகத்துக்குக் கல் பதித்தார்கள். போர் முடிந்து பிரிட்டிஷ் கல்தச்சர்கள் பலர் லண்டனில் பாராளுமன்றக் கட்டடத்தைச் செப்பனிடப் போய்விட்டதால், இங்கே கொத்த இத்தாலியிலிருந்து ஆள் வந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

அணையின் மேல் ஏறி, ஒரு கேட்டைத் திறந்து மூடினால் (மூடுவது ரொம்ப முக்கியம், உள்ளே ஆடு மேய்கிறது) கிளைர்வென் பாதை தொடங்குகிறது. வடகரையை ஒட்டி, நீர்த்தேக்கத்தின் ஒவ்வொரு கைக்குள்ளும் புகுந்து புகுந்து, பத்து கிலோமீட்டர் அளவுக்குப் போகிறது. தார் இல்லை, வீடு இல்லை, கம்பம் இல்லை, மரம்கூட இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மஞ்சளும் பழுப்புமாகப் புல்மேடு. வேல்ஸின் பச்சைப் பாலைவனம் என்று இந்த மலைப்பகுதியைச் சொல்வது வழக்கம். எனக்கு இது முல்லை நிலம். மேய்ச்சலும் மழையும் காத்திருப்பும்தான் இங்கே வாழ்க்கை.

இங்கே சரளை நேற்றையதுபோல இதமாக இல்லை. முட்டை அளவுக் கற்கள், இடையிடையே குண்டும் குழியும், குழியெல்லாம் தண்ணீர், ஆழம் தெரியாது. இதற்கு ஒரு பழக்கம் வேண்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கை தளர்வாக இருந்தால் சக்கரம் தானே வழி கண்டுபிடிக்கும். பார்வை முன்சக்கரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது, எட்டு பத்து மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். எந்தக் கல்லைப் பார்க்கிறோமோ அதன் மேலேயே போய் ஏறுவோம், அதனால் கல்லை விட்டுவிட்டுக் கல்லுக்கு நடுவில் இருக்கும் வழியைப் பார்க்க வேண்டும். ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும், ஏறத் தொடங்கிய பிறகு மாற்றினால் செயின் கதறும். இறக்கத்தில் இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் மெல்ல மெல்ல. தம்பிக்குச் சரளை புதிது. முதல் மூன்று கிலோமீட்டர் தோளை உயர்த்தி விறைப்பாக ஓட்டினான். "கையை விடுடா, வண்டி உன்னை விட்டு எங்கேயும் ஓடிப்போகாது" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாவது கிலோமீட்டரில் தோள் இறங்கியது. அதற்கப்புறம் என்னை முந்திக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டான்.

மேற்கே போகும்போது காற்று முகத்துக்கு நேராக. இந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும், அதனால் காலையில் எதிர்காற்றில் போய் மாலையில் தள்ளுகாற்றில் திரும்புவதுபோல் அமைத்துக்கொள்ளுங்கள். மாறிப்போனால் களைத்த காலோடு காற்றில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு வளைவில் எதிரே இரண்டு குதிரைகள். நிறுத்திக் காலை ஊன்றி நின்றோம். குதிரைக்குச் சைக்கிள் என்பது சத்தமில்லாமல் வரும் விசித்திரமான மிருகம், பயந்துவிடும். மனிதக் குரல் கேட்டால் அடங்கும். அதனால் தூரத்திலேயே, "காலை வணக்கம், நல்ல காற்றடிக்கிறது" என்று சத்தமாகப் பேச்சுக் கொடுத்தேன். அந்த அம்மாக்கள் இருவரும் சிரித்து, நன்றி சொல்லி, எங்களைத் தாண்டிப் போனார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று கொடுத்தது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வெறும் நடைபாதை என்று குறித்திருந்தால் அங்கே ஓட்டும் உரிமை நமக்கு இல்லை. சரளையில் ஓட்டுகிறவர்கள் இதை மதித்தால்தான் இந்தப் பாதைகள் நமக்குத் திறந்தே இருக்கும். கிளைர்வென் பாதையில் எப்போதாவது மோட்டார் சைக்கிள்காரர்களும் வருவதுண்டு, இன்று ஒருவரும் இல்லை.

தலைக்கு மேலே ரெட் கைட் பருந்துகள். துருநிற உடம்பு, ஆழமாகப் பிளந்த வால். வாலை மட்டும் இப்படியும் அப்படியும் முறுக்கித் திசை மாற்றுகிறது, இறக்கை அசைவதே இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் முழுக்க இந்தப் பறவை அழிந்து, இந்த நடு வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் மட்டும் சில ஜோடிகள் மிஞ்சியிருந்தன. விவசாயிகளும் பறவை ஆர்வலர்களும் கூட்டைக் காவல் காத்துப் பிழைக்க வைத்தார்கள். இப்போது நாங்கள் எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

நீர்த்தேக்கத்தின் தலைப்பக்கத்தில் ஒற்றைப் பண்ணைவீடு ஒன்று. அதைத் தாண்டினால் தண்ணீர் முடிந்து மலைமேடு. பருத்திப்புல் வெள்ளைத் தலையோடு சதுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி நடந்தேன், மெத்தென்று உள்ளே வாங்கியது. கீழே கறுப்பாக முற்றாக் கரி மண். மழையை உறிஞ்சிவைத்து நிதானமாக விடுவது இந்த மண்தான். அணைகளுக்கு முந்தைய அணை இது. பாறையோடு சேர்த்து இதையும் பார்த்த பிறகுதான் தம்பிக்குக் கெட்டில் விஷயம் முழுசாகப் பிடிபட்டது.

அதற்கு மேல் டைவி ஏரிகள். மேற்கே ஓடிக் கார்டிகன் விரிகுடாவில் சேரும் டைவி ஆறு இங்கேதான் பிறக்கிறது. ஆக, சற்று முன் நாங்கள் கடந்த மேடுதான் நீர்ப்பிரிமுகடு. அதன் இந்தப் பக்கம் விழும் மழைத்துளி மேற்குக் கடலுக்குப் போகிறது, அந்தப் பக்கம் விழுவது என் வீட்டுக்கு. மேற்கே சரிவில் இறங்கினால் ஸ்ட்ராட்டா ஃபுளோரிடா என்ற சிஸ்டர்சியன் துறவி மடத்தின் இடிபாடு இருக்கிறது, 1164இல் நிறுவியது. நாங்கள் வந்த மேய்ச்சல் நிலமெல்லாம் ஒரு காலத்தில் அந்த மடத்துக்குச் சொந்தம். இறங்கிப் பார்க்க ஆசைதான், ஆனால் இறங்கியதை மறுபடி ஏற வேண்டும், பொழுதும் காலும் இடம் கொடுக்கவில்லை. டைவி ஏரிக்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழி முழுக்கக் காற்று முதுகில். போகும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்த அந்தக் கரைப்பாதை, வரும்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நடுவில் ஒருமுறை தம்பி வண்டியை நிறுத்தி, "அக்கா, கேளு" என்றான். கேட்டேன். வானம்பாடி ஒன்று எங்கோ மேலே விடாமல் பாடிக்கொண்டிருந்தது, கீழே சின்ன அலை கல்லில் பட்டது. இஞ்சின் சத்தம் எந்தத் திசையிலும் இல்லை. அவன் லண்டனில் விமானப் பாதைக்குக் கீழே குடியிருப்பவன்.

திங்கள் மாலை, ரயிலில்

காலையில் நேரம் இருந்தது, நன்ட் அ க்ரோ பார்த்துவிட்டு வந்தோம். கபன் கோக்கின் தென்கரைக்கு மேலே ஓர் ஓடையில் இருக்கும் சின்ன அணை. அங்கே போவது நடைபாதை, அதனால் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தோம். அணை கட்டிய தொழிலாளர்கள் குடியிருந்த மரவீட்டுக் கிராமத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டியது. பிறகு உபயோகமில்லாமல் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பெரிய அணைகளை உடைக்க எவ்வளவு வெடிமருந்து வேண்டும் என்று பிரிட்டிஷ் பொறியாளர் பார்னஸ் வாலிஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சோதித்துப் பார்க்க இந்த அணை கிடைத்தது. 1942இல் முதல் முயற்சியில் அசையவில்லை. ஜூலையில், தண்ணீருக்கடியில் சுவரை ஒட்டியே வெடியை வைத்தார்கள். நடுப்பகுதி பெயர்ந்து போய்விட்டது. வெடி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் குறைந்த மருந்தே போதும், தண்ணீரே அதன் வேகத்தைச் சுவருக்குள் தள்ளிவிடும் என்று இதில்தான் உறுதியானது. மறு வருடம் மே மாதம் ரூர் பகுதியில் மோனே அணையை அப்படித்தான் உடைத்தார்கள்; வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் பலர் ஜெர்மனியில் கட்டாய வேலைக்குப் பிடித்து வைத்திருந்த வெளிநாட்டுக் கைதிகள்.

இரண்டு பக்கமும் சுவர் நிற்கிறது, நடுவே இல்லை, அந்த வழியே ஓடை போகிறது. உடைந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கான்கிரீட்டின் மேல் பாசி ஏறியிருக்கிறது, உள்ளே கூழாங்கற்கள் தெரிகின்றன. இரண்டு நாளாக அணை கட்டியவர்களின் திறமையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த எனக்கு, அதே மாதிரித் திறமை இதற்கும் பயன்பட்டிருக்கிறது என்பது கஷ்டமாக இருந்தது. தம்பியும் ஒன்றும் பேசவில்லை. பதினைந்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு, ரயில் ஷ்ரூஸ்பரி சேர்வதற்குள் எழுதிவிடுகிறேன். லாண்ட்ரிண்டாட் வெல்ஸ் வழியாகப் போகும் ஹார்ட் ஆஃப் வேல்ஸ் ரயில் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஓடும், சைக்கிளுக்கு இடமும் கொஞ்சம்தான். முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளோடு போனால் எலன் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குச் சாதாரண சைக்கிளே போதும். கிளைர்வென் போவதானால் 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம், காற்றும் கல்போல அடிக்காதீர்கள். என் எடைக்கு 35 பிஎஸ்ஐ சரியாக இருந்தது. கரெக் தீ பாலத்துக்கு அப்புறம் கடை கிடையாது, அணையைத் தாண்டினால் ஃபோன் சிக்னலும் கிடையாது, அதனால் சாப்பாடும் மழைச்சட்டையும் தாள் வரைபடமும் கையில் இருக்கட்டும். மேல்பக்கம் மேகம் இறங்கியிருந்தால் டைவி ஏரிக்கு ஏற வேண்டாம், பண்ணைவீட்டோடு திரும்பிவிடுங்கள். தம்பி அடுத்த வருடம் செப்டம்பரில் வரலாம் என்கிறான், கிளைர்வெனிலிருந்து மறுபக்கம் இறங்கி மடத்தையும் பார்த்துவிட்டு, அபரிஸ்ட்வித் கடற்கரை வரை. அங்கிருந்து ஷ்ரூஸ்பரிக்கு நேராக ரயில் இருக்கிறது.